ஐந்து சங்கங்கள் சேர்ந்து கூட்டமைப்பு ஆவது நடக்கிற காரியமா?

அம்மாப்பேட்டைவாசி:
சேலத்தில் எங்கள் பக்கத்து பக்கத்துத் தெருக்களில் ஐந்து குடியிருப்போர் நலச் சங்கங்கள் இருக்கின்றன. திருமணிமுத்தாற்றில் சாக்கடை கலப்பதைப் பற்றி ஐவரும் தனித்தனியாக மனு கொடுத்தோம், ஐந்துக்கும் ஒரே பதில், தேதி மட்டும் வேறு. ஒன்றாகச் சேரலாம் என்றால் தலைவர் யார் என்பதிலேயே அடித்துக்கொள்வோமோ என்று பயமாக இருக்கிறது.

ஏரிக்கரை:
தலைவர் பேச்சையே எடுக்காதீங்க. சங்கத்துக்கு இரண்டு பேர், ஆறு மாதத்துக்கு ஒருவர் ஒருங்கிணைப்பாளர், அவ்வளவுதான். எங்க மூக்கனேரியைச் சீரமைத்தபோது ஆட்கள் வந்தது ஏரிக்காக, லெட்டர்பேடுக்காக இல்லை.

பழைய கிளார்க்:
சேலம் மாநகராட்சியில் 60 வார்டு, 4 மண்டலம். ஆற்றுத் தண்ணீர் மண்டல எல்லை பார்த்து ஓடாது, அதனால் ஆற்றோரச் சங்கங்களைக் கொண்டலாம்பட்டி மண்டலம் வரை கூப்பிடுங்க. 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். பணம் வசூலிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் கணக்கு நோட்டு போட்டுடுங்க, முக்கால்வாசி சண்டை அங்கேதான்.

அம்மாப்பேட்டைவாசி:
சரிங்க அண்ணே. ஞாயிறு காலை டீக்கடையில் கூடுகிறோம், நோட்டு வாங்கியாச்சு.