மார்னருக்கு ரோய் மட்டுமா?

குழு: சொந்தங்கள் (ஸ்காபரோ – மார்க்கம்)
2025 ஜூலை 1, காலை

நிரோ: எல்லாரும் எழும்பிவிட்டீர்களா? எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திரம் மார்னர் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். 8 வருட ஒப்பந்தம், 96 மில்லியன் டொலர்.

நிரோ: எங்களுக்கு வந்தது நிக்கோலா ரோய். அவர் மட்டும். டிராஃப்ட் பிக் (புது இளம் வீரரைத் தெரிவுசெய்யும் உரிமை) ஒன்றுகூட இல்லை 😭

சிவா: நேற்றிரவே பார்த்தேன். நித்திரையே வரவில்லை. போன சீசனில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 102 புள்ளி எடுத்த பெடியன். அவனைக் கொடுத்துவிட்டு மூன்றாவது லைனில் (வரிசையில்) நடு இடத்தில் ஆடுகிற சென்டர் ஒருவரை வாங்கி வருகிறார்கள்.

செல்வி: பார்க்குக்கு நான் மட்டன் ரோல்ஸ் செய்கிறேன். மற்றவர்கள் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள்.

துஷி: அம்மா, இவர்கள் அழுது முடிக்கும்வரை பதில் வராது. நான் சலட் செய்கிறேன்.

ரவி: அண்ணா, ரோய் அவ்வளவு மோசமில்லை. 28 வயது, ஆறடி நாலங்குலம், வலதுகைச் சென்டர். இன்னும் 2 சீசனுக்கு வருடம் 3 மில்லியன்தான். 2023இல் வேகாஸோடு ஸ்டான்லி கோப்பை எடுத்தவர். எங்கள் அணியில் கோப்பை எடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

சிவா: போன சீசனில் அவருடைய புள்ளி 30 சொச்சம். 102ஐக் கொடுத்து 30 வாங்கியதற்குப் பெயர் வியாபாரமா?

கலா: நீங்கள் இரண்டு பேருடைய புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். லீஃப்ஸ் விற்றது 102 புள்ளியை இல்லை. அது அவர்கள் கையில் இருக்கவேயில்லை.

நிரோ: மாமி வந்துவிட்டார் 🔥

கலா: மார்னருடைய பழைய ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது. சும்மா விட்டிருந்தால், இன்று மத்தியானம் 12 மணிக்குச் சந்தை திறந்ததும் அவர் யாரோடும் கையெழுத்து வைக்கலாம், லீஃப்ஸுக்கு ஒரு சதம் வராது. ஆனால் பழைய அணி மட்டும்தான் அவருக்கு 8 வருடம் கொடுக்கலாம். மற்ற அணிகளுக்கு 7தான் எல்லை. அதனால் ரொறன்ரோவே அந்த 8 வருட ஒப்பந்தத்தைப் போட்டு, அதோடு சேர்த்து அவரை வேகாஸுக்கு அனுப்பியது. வேகாஸ் வாங்கியது அந்த எட்டாவது வருடத்தை. அதன் விலை ரோய்.

கலா: வாடகைக் காலம் முடிந்து மறுநாள் காலிசெய்யப் போகிறவர் போகிற போக்கில் ஒரு சோபாவை விட்டுவிட்டுப் போகிறார். அதைப் போய் வீட்டின் விலையோடு ஒப்பிடலாமா?

துஷி: அப்படிப் பார்த்தால் இது நல்ல ட்ரேட்.

கலா: ஓம். நேற்று இருந்த நிலைக்கு நல்ல ட்ரேட். ஆனால் அந்த நிலைக்கு எப்படி வந்தார்கள் என்று கேட்கவேண்டும்.

சிவா: வரி, கலா. நீ வருடம் முழுக்க வரிப் பத்திரம் நிரப்புகிற ஆள், அதைச் சொல்லு. நெவாடாவில் மாநில வருமான வரியே இல்லை. இங்கே மேல் மட்டத்தில் பாதிக்கு மேல் போகிறது.

கலா: அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் இல்லை. வெளியூரில் விளையாடுகிற ஆட்டங்களுக்குப் பல இடங்களில் அந்த ஊரிலும் வரி கட்டவேண்டும். இந்த ஊர்ச் சனத்தின் வாயிலிருந்து தப்பினால் போதும் என்றும் அவர் நினைத்திருக்கலாம். மே மாதம் புளோரிடாவோடு தொடரின் கடைசி ஆட்டமான ஏழாவது ஆட்டம் 6-1 என்று தோற்ற இரவு இந்தக் குழுவில் நீங்கள் எழுதியதை மேலே போய்ப் பாருங்கள்.

சிவா: அது ஆத்திரத்தில் எழுதியது.

நிரோ: சரி மாமி, எங்கே பிழை விட்டார்கள்?

கலா: 2023 ஜூலை 1. அன்றிலிருந்து அவருடைய ஒப்பந்தத்தில் முழு நோ-மூவ் உரிமை தொடங்கியது. அதற்குப் பிறகு அவர் சம்மதிக்காமல் எங்கேயும் அனுப்ப முடியாது. அதற்கு முதல் நாள்வரை மற்ற 31 அணிகளோடும் பேரம் பேசலாம், 2 வருட ஒப்பந்தமும் மீதியிருக்கிறது. அன்று விற்றிருந்தால் ஒரு நல்ல டிஃபென்ஸ்மனும் (தற்காப்பு வீரர்) முதல் சுற்று பிக்கும் கேட்டிருக்கலாம்.

ரவி: அண்ணி, சொல்வது சுலபம். அந்த மே மாதம்தான் பழைய மனேஜர் டூபாஸை அனுப்பினார்கள். புது மனேஜர் ட்ரெலிவிங் மே 31இல்தான் வந்தார். வந்த ஒரு மாதத்தில் 99 புள்ளி எடுத்த ஆளை எந்த மனேஜர் விற்பார்? அதுவும் தம்பாவை வென்று, 2004க்குப் பிறகு முதல்தடவையாக ஒரு பிளேஆஃப் (கோப்பைக்கான சுற்று) தொடரை வென்ற வருடம்.

சிவா: அன்று யாராவது விற்றிருந்தால் நானே ஸ்கோஷியாபாங்க் அரீனா வாசலில் போய் நின்றிருப்பேன்.

கலா: அதைத்தான் நானும் சொல்கிறேன். அன்று விற்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு ரோய் கிடைத்ததே பெரிய காரியம்.

நிரோ: எனக்கு இதைவிட, எங்கள் சென்டர் காட்ரியைக் கொலராடோவுக்குக் கொடுத்த ட்ரேட்தான் இன்னும் வயிறு எரிகிறது.

துஷி: ஐயோ, தொடங்கிவிட்டான்.

சிவா: 2019. அதுவும் இதே ஜூலை 1! கனடா தினத்துக்கும் இந்த அணிக்கும் என்ன பகையோ.

ரவி: அதைப் பற்றி எல்லாரும் அவர் 2022இல் கொலராடோவோடு எடுத்த கோப்பையைப் பார்த்துவிட்டுத்தான் கதைக்கிறீர்கள். 2018இல் பொஸ்டனோடு முதல் ஆட்டத்திலேயே விங்கல்ஸை அடித்து 3 ஆட்டத் தடை. 2019இல் அதே பொஸ்டன், இரண்டாவது ஆட்டம், டிபிரஸ்க்கின் முகத்தில் குறுக்குத்தடியால் அடித்து அந்தத் தொடர் முழுக்கத் தடை. இரண்டு தொடரையும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். இப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது?

நிரோ: மாமா, அதற்காக டைசன் பாரியா?

ரவி: பாரி அப்போதுதான் கொலராடோவில் 59 புள்ளி எடுத்திருந்தார். வலதுகை டிஃபென்ஸ்மன். எங்களுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லை. கூடவே முன்வரிசை வீரர் கெர்ஃபுட். பாரியின் சம்பளத்தில் பாதியைக் கொலராடோவே ஏற்றது. அன்று பத்திரிகையில் பாதிப் பேர் பாராட்டினார்கள்.

கலா: சரி ரவி, கோப்பையை எடுத்து ஒரு பக்கம் வைப்போம். 2022இல் நடந்தது ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

கலா: காட்ரி, சென்டர். அடுத்தடுத்து இரண்டு சீசனில் 32 கோல் அடித்தவர். இன்னொரு சென்டர் டவாரெஸ் அணிக்கு வந்தபிறகு மூன்றாவது லைனுக்குத் தள்ளப்பட்டதால் 16 ஆனது. சம்பளம் 4.5 மில்லியன், இன்னும் 3 வருடம் மீதி. அந்த விலைக்கு அப்படி ஒரு சென்டர் லீக்கில் எங்கே கிடைக்கும்? பாரிக்கு மீதியிருந்தது ஒரே ஒரு வருடம். கெர்ஃபுட்டுக்கு ஒப்பந்தமே இல்லை, வந்த பிறகு 3.5 மில்லியனுக்கு 4 வருடம் போட்டார்கள். 3 வருடச் சென்டரைக் கொடுத்து 1 வருட டிஃபென்ஸ்மனை வாங்கினால் அடுத்த கோடையில் மறுபடியும் அதே ஓட்டை. அப்படியேதான் நடந்தது. 2020இல் பாரி எட்மன்டனுக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

நிரோ: போய் முதல் வருடமே லீக்கில் டிஃபென்ஸ்மன்களில் அதிகப் புள்ளி எடுத்தார் 😂

கலா: அதைவிட, கொலராடோ ஏன் பாரியைக் கொடுத்தது என்று யாராவது யோசித்தீர்களா? அந்த வசந்தத்தில்தான் கேல் மக்கார் பிளேஆஃப் நடுவில் வந்து இறங்கினார். அவரும் வலதுகை டிஃபென்ஸ்மன். அவர் வந்தபிறகு பாரிக்கு அங்கே இடமில்லை. அவர்களுடைய முதல் சென்டர் மக்கினனுக்குப் பின்னால் இரண்டாவது சென்டர் இல்லை, அதுதான் அவர்களுடைய ஓட்டை. கொலராடோ மனேஜர் சாக்கிக் தனக்குத் தேவையில்லாததைக் கொடுத்துத் தேவையானதை வாங்கினார். டூபாஸ் கோபத்தில் விற்றார்.

ரவி: கோபம் இல்லை. காட்ரிக்கு, போகமாட்டேன் என்று சொல்லக்கூடிய 10 அணிகள் கொண்ட மறுப்புப் பட்டியல் இருந்தது. முதலில் கல்கரிக்கு அனுப்பப் பார்த்தார்கள், அவர் மறுத்தார். அதற்குப் பிறகுதான் கொலராடோ.

துஷி: கடைசியில் 2022இல் அதே கல்கரிக்கு 7 வருடம், 49 மில்லியனுக்குப் போனார். இப்படி ஒரு கதையை யாரும் கற்பனை செய்து எழுதத் தேவையில்லை 😄

சிவா: 2021இல் மொன்றியலோடு முதல் ஆட்டத்திலேயே டவாரெஸ் அடிபட்டுக் கிடந்தார். 3-1 என்று முன்னால் நின்று தோற்றோம். அந்த நேரம் ஒரு சென்டர் இருந்திருந்தால்?

ரவி: அண்ணா, அந்த வருடம் காட்ரி எங்கே இருந்தார்? சென்ட் லூயிஸின் ஃபோக்கை அடித்து 8 ஆட்டத் தடையில் இருந்தார்! ரொறன்ரோவில் இருந்தாலும் அதே கதைதான்.

நிரோ: ம்ம்ம். அது சரியான அடி.

கலா: ஓம், அந்தப் புள்ளி ரவிக்கு. அவர் இங்கே இருந்தால் கோப்பை வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை.

துஷி: நான் இங்கே ஒன்ராறியோவில் உள்ள லண்டனில் படிக்கும்போது அந்த ஊர்ப் பெடியன்கள் பாதிப் பேர் காட்ரி சட்டையோடுதான் திரிவார்கள். லெபனான் குடும்பத்துப் பிள்ளை, அந்த ஊரிலேயே வளர்ந்தவர். 2022 பிளேஆஃபில் அவருக்கு வந்த இனவெறி மிரட்டல்கள், அதற்கு அடுத்த ஆட்டத்தில் சென்ட் லூயிஸில் வைத்தே 3 கோல். அப்புறம் பெருவிரல் முறிந்து, திரும்பி வந்து இறுதித்தொடரில் ஓவர்டைம் கோல். கோப்பையை லண்டன் மசூதிக்கே கொண்டுவந்தார். ட்ரேட் கணக்கு எனக்குத் தெரியாது. அவர் இங்கே இருந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

சிவா: ❤️

நிரோ: எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் கோடையில் காட்ரியை அனுப்பியது மார்னருக்குச் சம்பளம் கொடுக்கத்தானே? செப்டம்பரில் அவருக்கு 10.9 மில்லியன். இப்போது இரண்டு பேருமே இல்லை.

கலா: எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு உதைக்கிறது. காட்ரி 4.5. கெர்ஃபுட் 3.5, பாரியின் பாதி 2.75, சேர்த்தால் 6.25. அந்த ட்ரேட்டால் கேப்பில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பில்) இடம் குறைந்ததுதான் மிச்சம். மார்னருக்காக இடம் பிடித்தது என்றால் அது மூத்த வீரர் மார்லோவை முதல் சுற்று பிக்கோடு சேர்த்துக் கரோலினாவுக்கு அனுப்பியது.

ரவி: ஒரு முதல் சுற்று பிக்கையே கொடுத்து ஆளைக் கழித்தார்கள். அதையும் மறந்துவிட்டோம்.

சிவா: நீங்கள் எல்லாம் பிறகு வந்த ஆட்கள். 1994இல் வெண்டல் கிளார்க்கை கியூபெக்குக்கு அனுப்பியபோது இந்த ஊர் அழுத அழுகை தெரியுமா? கப்டன். என்னோடு தொழிற்சாலையில் வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. வந்தவர் யார்? மட்ஸ் சன்டீன். அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி, 987.

நிரோ: மாமா, அப்போ ரோயும் சன்டீன் ஆவார் என்கிறீர்களா?

சிவா: டேய், வாயை மூடு.

கலா: அங்கே கிளார்க் கையில் இருக்கும்போதே விற்றார்கள், சன்டீன் வந்தார். இங்கே கையை விட்டுப் போகும்போது விற்றார்கள்.

ரவி: இனி என்ன? எங்கள் வீரர்கள் நைஸுக்கு வருடம் 7.75 மில்லியன், டவாரெஸுக்கு 4.38 என்று இந்த வாரமே முடித்துவிட்டார்கள். மார்னரின் 10.9 போய் ரோயின் 3 வந்தால் கிட்டத்தட்ட 8 மில்லியன் மிச்சம்.

கலா: அந்தக் காசுக்கு யாரை வாங்குவது? இன்றைய சந்தையில் இருந்திருக்கக்கூடிய மிகப் பெரிய பெயர் மார்னர்தான்.

நிரோ: மாமி, கடைசியாக மார்க் போடுங்கள். மார்னர்–ரோய்?

கலா: B.

நிரோ: காட்ரி?

கலா: D. கெர்ஃபுட் 2023இல் தம்பாவோடு நாலாவது ஆட்டத்தில் அடித்த ஓவர்டைம் கோலுக்காக F போடவில்லை.

ரவி: காட்ரிக்கு C. அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.

சிவா: B ஆ? 741 புள்ளி எடுத்த ஆளுக்கு ஒரு ரோய், அதற்கு B? நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கலா: இஞ்சேருங்கோ, ஒத்துக்கொள்ளவேண்டாம். அரைமணி நேரமாகக் காருக்குள் இருந்து எழுதுகிறீர்கள். உள்ளே வந்து இந்தக் கூலர் பெட்டியைத் தூக்குங்கோ.