ஃப்ளை ரீலை எந்தக் கையால் சுற்றுவது?

கிராண்ட்ஆறு: நான் வலது கைக்காரன். ஒன்டாரியோவில் ஃபெர்கஸ் பக்கம் பிரவுன் ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய போலி இரை) வீச ஆரம்பித்திருக்கிறேன். புது ரீலில், அதாவது தூண்டில் நூலைச் சுற்றும் கருவியில், கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது. மீன் மாட்டியதும் தூண்டில் கோலை இடது கைக்கு மாற்றித்தான் சுற்ற வேண்டுமா?

தக்கை: வேண்டாம், இடது கையால் சுற்றும்படி ரீலைத் திருப்பிக்கொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான ட்ரவுட்டை லைனை (தூண்டில் நூலை) கையால் இழுத்தே கரை சேர்த்துவிடலாம், ரீலுக்குப் பெரிய வேலை இல்லை. கோல் கை மாறுகிற நொடியில் லைன் தொய்ந்தால், அதுவும் எதிர்முள் இல்லாத கொக்கி என்றால், மீன் கழன்றுவிடும்.

உப்புத்தண்ணி: ட்ரவுட்டுக்குச் சரி. போன்ஃபிஷ் என்ற கடல்மீன் மாதிரி ஒரே ஓட்டத்தில் பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றியிருக்கும் கூடுதல் நூல்) வரை உருவிக்கொண்டு போகிற மீனுக்கு நான் வலது கையால்தான் சுற்றுவேன். பெரும்பாலான ஃப்ளை ரீலில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூலும் (லைன் சுற்றியிருக்கும் உருளை) ஒரே சுற்றுதான், மீன் திடீரென்று நம்மை நோக்கித் திரும்பினால் வேகமான கை வேண்டும்.

கிராண்ட்ஆறு: திருப்புவதற்குக் கடையில் கொடுக்கணுமா?

தக்கை: வீட்டிலேயே முடியும். பல ரீல்களில் ஸ்பூலைக் கழற்றினால் ஒரு திசையில் மட்டும் சுழலும் ஒருவழி பேரிங் இருக்கும், அதைத் தலைகீழாகப் போட்டால் டிராக் (மீன் லைனை இழுக்கும்போது பிடிக்கும் பிரேக்) திசை மாறிவிடும். அப்புறம் பேக்கிங்கோடு லைன் முழுவதையும் உருவி எதிர்த்திசையில் சுற்றணும், சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். லைன் ஸ்பூலின் அடிப்பக்கத்திலிருந்துதான் வெளியே வர வேண்டும்.