'சென்சேஷன் சீக்கிங்': ஆபத்தை நாடுவதா, வேறொன்றையா?

பேராசிரியர் ஐயாவுக்கும், நம் உளவியல் நூலுக்குத் தமிழ்ச் சொல் தேடும் குழுமத்தாருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு சின்னப் புகார். 'எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட்ஸ்' என்பதற்கு 'அதிதீவிர விளையாட்டு' என்று முடிவாகிவிட்டதுபோல் எழுதுகிறீர்கள். எங்கள் ராமநாதபுரக் கரையில் 'அதிதீவிர' என்று காதில் விழுந்தால் அடுத்த சொல் 'புயல்'தான். பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கிவிடுவோம். 'கடுஞ்சாகச விளையாட்டு' போதும்.

சண்டைக்குரிய சொல் 'சென்சேஷன் சீக்கிங்': புதிய, செறிவான அனுபவங்களை நாடிப் போகும் இயல்பு. மதுரை அக்கா 'ஆபத்து மோகம்' என்கிறார். ஐயா 'இடர்விழைவு' என்கிறீர்கள். இரண்டும் காதுக்கு இனிமை. இரண்டும் தவறு என்பது என் கட்சி.

உளவியலாளர் மார்வின் சக்கர்மன் இந்தக் கருத்தை எங்கிருந்து எடுத்தார் என்று பாருங்கள். ஒலியும் ஒளியும் எட்டாத அறையில் ஆட்களை மணிக்கணக்கில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தவர் அவர். சிலர் பேசாமல் கிடந்தார்கள், சிலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வேறுபாட்டைப் பிடிக்கப் போய்த்தான் 1964-இல் தம் அளவுகோலை வெளியிட்டார். மலையுச்சியிலோ விமானக் கதவிலோ பிறந்த சொல் அல்ல இது. வெறும் அறையில் பிறந்தது. புதிய, பலவகையான, சிக்கலான, செறிவான அனுபவங்களை நாடுவதைத்தான் அவருடைய வரையறை முன்னால் வைக்கிறது. அதற்காக ஆபத்தையும் ஏற்கத் தயாராக இருப்பது பிறகு வருகிறது. ஆபத்து, கொடுக்கும் விலை. வாங்கும் சரக்கு வேறு. சந்தைக்குப் போகிறவரைப் 'பணம் இழக்கும் மோகம் கொண்டவர்' என்போமா?

ராமேசுவரம் தீவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கைட்சர்ஃபிங் நடக்கிறது. பெரிய பட்டத்தைக் காற்றில் ஏற்றி, அது இழுக்கப் பலகைமேல் நின்று நீரில் சறுக்கும் ஆட்டம். ஒரு நாள் ஓர் இளைஞரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கயிறுகளைத் தடவித் தடவிப் பார்த்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் போய் ஏதோ கேட்டார். பிறகு எல்லாவற்றையும் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினார். காற்று கரையிலிருந்து கடல் பக்கம் திரும்பிவிட்டதாம்; கயிறு அறுந்தால் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோய்விடுமாம். இடர்விழைவு உள்ளவர் என்றால் அந்தக் காற்றில் அல்லவா இறங்கியிருக்க வேண்டும்?

மறுபக்கம் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள், பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, தம் கட்டி முங்குகிறார்கள். எங்கள் தெருவில் சங்கு குளித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு காது கேட்காது. "மாமா, அடியில் இறங்கும்போது சிலிர்ப்பாக இருக்குமா?" என்று கேட்டேன். "சங்கு கிடைத்தால் சிலிர்ப்பு, கிடைக்காவிட்டால் காதுவலி" என்றார். இவர்களும் ஆபத்தில்தான் இறங்குகிறார்கள். ஆனால் சக்கர்மனின் அளவுகோல் அளப்பது இதை அல்ல. இதற்கு 'இடரேற்பு' என்று தனிச்சொல் வைப்போம். 'ஆபத்து மோகம்' என்று நூலில் போட்டுவிட்டால், பாசி எடுக்கும் பெண்ணுக்கும் அதே பட்டத்தைக் கட்டிவிடுவோம்.

சரி, 'சென்சேஷன்' என்பதற்கு என்ன? 'உணர்ச்சி' என்றால் கோபம், துக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'புலன்' பொருந்தும்தான்; ஆனால் நன்னூல் விதிப்படி புலனும் நாட்டமும் சேர்ந்தால் 'புலனாட்டம்'. மாணவர் அதைப் 'புலன் ஆட்டம்' என்றே பிரிப்பார். போதாக்குறைக்கு, தேவாரம் கேட்டு வளர்ந்த காதுக்குப் புலன் என்றாலே அடக்க வேண்டிய ஒன்று. 'சிலிர்ப்பு நாட்டம்' அழகு, ஆனால் அது பகுதிக்குரிய பெயர். சக்கர்மன் அளவுகோலுக்கு 1978-இல் வந்த ஐந்தாம் வடிவத்தின் 40 வினாக்களில் 10 மட்டுமே சிலிர்ப்புக்கும் சாகசத்துக்கும் உரியவை. மற்றவை அனுபவ நாட்டம், தடைதளர்வு (கட்டுப்பாட்டைத் தளர விடுவது), எளிதில் சலித்துப்போகும் இயல்பு. பகுதியின் பெயரை முழுமைக்கு வைத்தால் பாக் நீரிணையில் மாட்டிக்கொள்வோம். 1966-இல் மிஹிர் சென் நீந்திக் கடந்தார், 1994-இல் குற்றாலீசுவரன் சிறுவனாகவே கடந்தார். ஆபத்து இல்லாத நீர் அல்ல அது. ஆனாலும் மணிக்கணக்கில் ஒரே கைவீச்சு. சட்டென்று சலித்துப்போகிறவரால் ஆகிற காரியமா?

ஆகவே என் பரிந்துரை: 'கிளர்வுநாட்டம்'. 'கிளர்ச்சி'யைப் போராட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'கிளர்வு' இன்னும் நம் கையில் இருக்கிறது. 'தேடல்' வேண்டாம், அது செயல். நாட்டம் இயல்பு.

– கீழக்கரையிலிருந்து

*

தம்பி,

காற்று திரும்பியதும் பையைக் கட்டிய இளைஞருக்காக 'இடர்விழைவு' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் 'கிளர்வு' உங்கள் கையில் இல்லை. 'அரவுசல்' (உடலும் மனமும் உசுப்பப்பட்ட நிலை) என்பதற்கு நம் பட்டியலில் அதைத்தான் போட்டிருக்கிறோம். ஒரே அத்தியாயத்தில் இரண்டும் வருமே!

வேறொன்று தோன்றுகிறது. சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்று ஐந்து. இதில் 'ஊறு' தொடுவுணர்வு. ஊறு என்றால் தீங்கும்தான். புலனும் ஆபத்தும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும்போது 'ஊறுநாட்டம்' என்றால் என்ன?

– பேராசிரியர்

*

ஐயா,

படித்துவிட்டு எழுந்து நின்றேன். இரண்டு நாள் அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன். வீட்டில் சொன்னதும் "ஊறுகாய்மேல் ஆசையா?" என்று கேட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முன்வாசலில் நாம் வெளியே அனுப்பிய ஆபத்தை நீங்கள் கொல்லைப்புறமாக மறுபடி உள்ளே அழைத்து வருகிறீர்கள். சொல் எவ்வளவு அழகோ அவ்வளவு பொய்யை இந்த இடத்தில் சொல்லும். அடிக்குறிப்பில் வைக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

'அரவுசல்' என்பதற்கு 'உள்ளெழுச்சி' என்று மாற்றினால் மோதல் தீரும். உங்கள் மறுப்பு வராவிட்டால் அத்தியாயத்தில் 'கிளர்வுநாட்டம்' என்றே போகிறது.

அளவுகோலின் அந்த நான்காம் பகுதிதான் இன்னும் இடிக்கிறது. சலிப்பைப் பொறுக்காமை என்று கொண்டு 'சலிப்புப் பொறாமை' என்று எழுதிப் பார்த்தேன். யாரோ சலித்துக்கொள்வதைப் பார்த்து யாரோ வயிறெரிவதுபோல் இருக்கிறது. மதுரை அக்கா, உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?

– கீழக்கரையிலிருந்து