நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தாவின் தம்பியைத் தேட ஆய்வாளரை அமர்த்தலாமா?

பாலாற்றங்கரையான்:
குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1890-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமியைப் பற்றி, தகப்பனார் பெயரையும் ஊர்ப் பெயரையும் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய வாரிசுகளைக் கண்டுபிடித்தே தருவதாக டர்பன் ஆய்வாளர் ஒருவர் உறுதியளித்து, முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பழைய ஏடு:
கொடுக்க வேண்டாம் ஐயா. அங்கே பத்தாண்டு முடித்தவர்களுக்கு இலவசமாகத் தாயகம் திரும்பும் உரிமை இருந்தது. பலர் திரும்பியும் விட்டார்கள். அப்படியிருக்க, வாரிசு அங்கே இருப்பார் என்று எவர் உறுதி கூற முடியும்? முதலில் நீங்களே கப்பல் பட்டியல்களைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை சென்ற ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தனித்தனி எண் கொடுத்து, தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். அவை இணையத்திலும் கிடைக்கின்றன. முனுசாமிகள் ஏராளம், அதிலும் ‘மூன்சாமி’ என்றே பலரைப் பதிந்திருப்பார்கள் என்பதால், தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால் மட்டுமே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்தூர்க்காரன்:
உங்கள் குடியாத்தம் இருந்த அக்கால வட ஆற்காடு ஜில்லாவில் எங்கள் சித்தூரும் அடக்கம், 1911-இல்தான் பிரிந்தது. ஆகவே ஜில்லாவின் பெயரை மட்டும் காட்டி ‘இவர் உங்களவர்’ என்று எந்த ஆய்வாளராவது சொன்னால், தாலுகா எது என்று கேளுங்கள்.

தேடல் தொழிலான்:
இதே தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: எண் கிடைத்த பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை. நேட்டாலிலுள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் ஆவணக் காப்பகத்தில் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் உள்ளன. ஒருவர் சொத்து விட்டு இறந்திருந்தால், அவற்றிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் பெரும்பாலும் இருக்கும். நேரில் போய்க் கோப்பை எடுத்துப் பார்ப்பதற்குத்தான் கூலி. எனவே மணிக்கணக்கில் கட்டணம் பேசி, சில மணி நேர வேலைக்கு மட்டும் முதலில் பணம் கொடுங்கள். கிடைத்த தாள்களின் படங்களோடு, தேடியும் ஒன்றும் அகப்படாத கோப்புகளின் எண்களையும் அறிக்கையில் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால், நாளை வேறொருவர் அதே கோப்புகளுக்கு மறுபடியும் உங்களிடம் காசு வாங்குவார்.

பாலாற்றங்கரையான்:
நன்றி. பட்டியலில் எண் கிடைத்தால், மணிக்கணக்குக் கட்டணத்துக்குச் சம்மதமா என்று அவரிடமே கேட்டுப் பார்க்கிறேன்; மறுத்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.