புது பவர் சப்ளையில் கை வைத்தால் சுருக்கென்கிறது, திருப்பி அனுப்பிவிடலாமா?

கோவை வாசி:
வணக்கம். மாடி அறையில் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் மேசை போட்டிருக்கிறேன். இதுவரை பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை பெட்டியை (எஸ்எம்பிஎஸ்) வைத்தே காலம் தள்ளினேன். போன வாரம் 30 வோல்ட், 5 ஆம்பியர் ஸ்விட்சிங் வகை பெஞ்ச் சப்ளை ஒன்று வாங்கினேன், வோல்டேஜையும் கரன்ட் லிமிட்டையும் நாமே வைத்துக்கொள்ளும் பவர் சப்ளை. மூன்று பிரச்சினை.

மைனஸ் டெர்மினலில் ஒரு கை இருக்கும்போது இன்னொரு கை ஜன்னல் கம்பியில் பட்டால் சுருக்கென்கிறது. மீட்டரை ஏசியில் வைத்து இரண்டுக்கும் நடுவே பார்த்தேன், 96 வோல்ட். அப்புறம், 5 வோல்ட் வைத்து 3 ஆம்பியர் இழுத்தால் போர்டில் 4.62 தான் வருகிறது. கடைசியாக, கரன்ட் லிமிட்டை 20 மில்லி ஆம்பியரிலும் வோல்டேஜை 12-லும் வைத்துவிட்டுத்தான் ஒரு வெள்ளை எல்இடியில் ஒயரைத் தொட்டேன். டப்பென்று போய்விட்டது. திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

டிவி மெக்கானிக்:
தம்பி, முதலில் சுவர் சாக்கெட்டைப் பாருங்கள். அதில் எர்த் இருக்காது என்று நினைக்கிறேன். இந்த வகை சப்ளைக்குள் ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என்று பாடிக்கு, அதாவது உலோகப் பெட்டிக்கு, இரைச்சலை வடிகட்ட இரண்டு ஒய் கெப்பாசிட்டர் போவது வழக்கம். எர்த் இல்லாவிட்டால் பாடி 230-ல் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கம் மிதக்கும். மைனஸும் இன்னொரு கெப்பாசிட்டர் வழியாக அதோடு சேர்ந்து மிதக்கும். கெப்பாசிட்டர் 2.2 நானோஃபாரட் என்றால் கசிவது சுமார் 0.16 மில்லி ஆம்பியர். ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டரின் கேட் என்ற மெல்லிய காலைக் கொன்றுவிடும்.

சரிசெய்கிறேன் என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒயர் போட்டு இணைத்துவிடாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் பாடி முழுக்க 230 வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கல்லூரி லேப்:
4.62 பற்றி: மீட்டரை போர்டில் வைக்காமல் சப்ளையின் டெர்மினலிலேயே வைத்துப் பாருங்கள். கூட வரும் முதலைக் கிளிப் ஒயர் தடிமனாகத் தெரியும், உள்ளே தலைமுடி அளவுக்குத்தான் செம்பு இருக்கும்.

கோவை வாசி:
நீங்கள் சொன்னதுதான் அண்ணா. டெர்மினலில் 4.98 இருக்கிறது. மீதி 0.36 வோல்ட் ஒயரில் போகிறது, 0.12 ஓம். வேறு ஒயர் போட்டுவிட்டேன். எலக்ட்ரீஷியனும் வந்தார். எர்த் ஒயர் சுவருக்குள் வந்து சும்மா சுருண்டு கிடந்ததாம், சாக்கெட்டில் மாட்டவே இல்லை. மாட்டிய பிறகு 96 போய் 1 வோல்டுக்கும் கீழே வந்துவிட்டது. அப்போது இதை வைத்துக்கொள்ளலாமா?

கல்லூரி லேப்:
அவசரப்படாதீர்கள். எல்இடி செத்ததிலும் பாதி தப்பு உங்களுடையது. அவுட்புட்டில் பெரிய கெப்பாசிட்டர் 12 வோல்டில் நிரம்பி உட்கார்ந்திருக்கிறது. எல்இடியைத் தொட்டவுடன் அது நேராக அதற்குள் கொட்டும், லிமிட் சர்க்யூட் விழிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். வோல்டேஜைக் குறைத்து, இணைத்த பிறகு மெதுவாக ஏற்ற வேண்டும்.

நான் எந்த சப்ளை வாங்கினாலும் முதலில் செய்வது ஆன், ஆஃப் சோதனைதான். ஸ்கோப்பை (வோல்டேஜை வரைபடமாகக் காட்டும் கருவி) சிங்கிள் ட்ரிகரில், அதாவது ஒரே ஒரு முறை பிடித்து நிறுத்தும்படி வைத்து, 3.3 வோல்ட் வைத்து, லோடு இல்லாமல் மெயின் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். அணைக்கும்போதும் பாருங்கள். வைத்த வோல்டேஜைத் தாண்டி ஒரு கணம்கூட ஏறக் கூடாது. ரிப்பிள், அதாவது அவுட்புட்டில் வரும் சின்ன அலை, கொஞ்சம் கூடுதலாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதில் தவறினால் மன்னிப்பே கிடையாது.

ரிப்பிள் பார்க்கும்போது ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் (டிசியை விட்டுவிட்டு அலையை மட்டும் காட்டும்), 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட், சிக்னலைக் குறைக்காத 1எக்ஸ் ப்ரோப். நீளமான கிரவுண்டு கிளிப் வேண்டாம், அது ஏரியல் மாதிரி எல்லாவற்றையும் பிடிக்கும். ப்ரோப் முனையையும் கிளிப்பையும் ஒரே மைனஸ் டெர்மினலில் வைத்துப் பாருங்கள். அப்போதும் முள் முள்ளாக வந்தால் நீங்கள் அளப்பது சப்ளையை அல்ல, உங்கள் ஒயரை.

டிவி மெக்கானிக்:
லோடுக்கு 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு போதும், 4.6 ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த இழையின் தடை ரொம்பக் குறைவு, அதனால் போட்டவுடன் கரன்ட் லிமிட்டுக்கும் பரீட்சை ஆகிவிடும். அரை மணி நேரம் எரியவிட்டு ஃபேன் ஓடுகிறதா, வோல்டேஜ் நகர்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியைத் தொட்டுவிடாதீர்கள், நான் தொட்டிருக்கிறேன்.

கோவை வாசி:
பல்பில் பாஸ். ஆன் செய்யும்போதுதான் ஃபெயில். நண்பனின் ஸ்கோப்பில் பார்த்தோம். 3.3 வைத்திருக்க, ஸ்விட்ச் போட்டவுடன் 9 வோல்ட் வரை ஏறிவிட்டு 15 மில்லி செகண்டில் இறங்குகிறது. ஐந்து முறை போட்டால் ஐந்து முறையும். திருப்பி அனுப்பிவிட்டேன்.

கல்லூரி லேப்:
நல்ல காரியம். உங்களுக்கு ஆடியோ, ரேடியோ வேலைதான் அதிகம் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் வகையில் 30 வோல்ட் 3 ஆம்பியர் பாருங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. தூக்கினால் கை வலிக்க வேண்டும்.

கோவை வாசி:
பழைய லீனியர் ஒன்று கிடைத்தது. ஆன் செய்தால் ஏற்றம் இல்லை, எர்த்தும் சரி. ஆனால் குமிழைத் திருப்பும்போது 8 வோல்டைத் தாண்டினால் உள்ளே டக்கென்கிறது. 15-ஐத் தாண்டும்போது இன்னொரு டக். இதுவும் பழுதா?

டிவி மெக்கானிக்:
ரிலே, தம்பி. டிரான்ஸ்ஃபார்மரில் குறைந்த வோல்ட், கூடின வோல்ட் என்று வரும் இணைப்புகளை (டேப்) மாற்றுகிறது. அது இல்லாமல் 35 வோல்டை அப்படியே 5-க்கு இறக்கினால் 3 ஆம்பியரில் 90 வாட் ட்ரான்சிஸ்டரிலேயே சூடாகப் போகும். ஆனால் அந்த டக் வரும் நேரத்தில் வோல்டேஜ் துள்ளுகிறதா என்று ஒருமுறை ஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள்.

கோவை வாசி:
நண்பன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். பார்த்துவிட்டுப் போடுகிறேன்.