ஸ்நேக் பிளாண்டுக்கு வயல் மண் போட்டு அழுகிவிட்டது. எந்த மண் சரி?

உப்புவெளிப் பிள்ளை:
வணக்கம். அம்மா ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த நேரம், அவவின் கட்டிலில் இருந்து பார்க்கக்கூடிய மாதிரி விறாந்தையில் வைக்க என்று மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளாண்ட் ஒன்று வாங்கினேன். ஏழு இலை. மாமா தம்பலகாமத்து வயலில் இருந்து ஒரு உரப்பை கறுத்த மண் கொண்டுவந்து தந்தார். நெல் விளைகிற மண்தானே என்று அதையே சாடி நிரம்பப் போட்டேன்.

மழையில்லாமல் கச்சான் காற்று வீசிய மாதங்களில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கி, விறாந்தைக்குள் சாரல் அடிக்கத் தொடங்கியதும்தான் வினை. ஒரு இலை அடியில் மஞ்சளானது. பிடித்துப் பார்க்க, கையோடு வந்துவிட்டது. அடி கூழாகி, ஊறப்போட்ட தேங்காய் மட்டை மணம். அடுத்த கிழமை இன்னொன்று. சாடியைக் கவிழ்த்தால் மண் ஒரே கட்டி, கத்தியால் வெட்டிய இடம் களி மாதிரி மினுங்குகிறது. கிழங்கில் பாதி பழுப்பு. மற்ற ஐந்து இலையும் உறுதியாக நிற்கின்றன.

பக்கத்து வீட்டு அக்கா கடற்கரை மணல் கலக்கச் சொல்கிறா. செடி வாங்கிய இடத்தில் தேங்காய்த் தும்புத்தூள் மட்டும் போதும் என்கிறார்கள். எதைச் செய்ய? அம்மா தினமும் கேட்கிறா.

மூதூர்த் தோட்டக்காரன்:
தங்கச்சி, கடற்கரை மணல் வேண்டாம். உப்பு வேரைக் காயவைக்கும். கழுவினாலும் அந்தப் பொடிமணல் இறுகிவிடும். கட்டட வேலைக்குக் குவித்திருக்கும் ஆற்றுமணல் இரண்டு வாளி கேட்டு வாங்குங்கள். அரிதட்டில் அரித்தால் மேலே பருமணலும் சின்னக் கல்லும் நிற்கும். கீழே விழுவது அல்ல, மேலே நிற்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

வயல் மண் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. நெல்லுக்கு அதுதான் வேணும். ஸ்நேக் பிளாண்ட் மேற்கு ஆப்பிரிக்கச் செடி, தண்ணீரைத் தன் இலைக்குள்ளேயே சேமித்து வைக்கும். மண்ணுக்குள் அதன் கிழங்குக்குக் காற்றுத்தான் தேவை. நம் ஊர் மருள் செடியும் இதன் இனம்தான், எவ்வளவு காய்ந்த மண்ணிலும் நிற்கும்.

நான் போடுவது: பருமணல் இரண்டு பங்கு, வீட்டு வளவுச் செம்மண் ஒரு பங்கு, உடைத்த சிரட்டைக்கரி ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு கை. நனைத்து உள்ளங்கையில் பிடித்து விரியுங்கள். உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் இன்னும் மணல் போடுங்கள்.

பழுப்புக் கிழங்கை வெள்ளை தெரியும்வரை சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். நிழலில் மூன்று நான்கு நாள் வெட்டு காய வேண்டும். இது முக்கியம், அவசரப்பட வேண்டாம். நட்டு ஒரு கிழமை தண்ணீர் காட்டாதீர்கள்.

நிலாவெளி அக்கா:
தும்புத்தூள் மட்டும் போட்டு நானும் ஒன்றை இழந்தேன். மேலே காய்ந்த மாதிரித் தெரியும், விரலை விட்டால் உள்ளே ஈரம். மாரிக்கு அது சரிவராது. கலவையில் ஒரு கை போட்டால் பரவாயில்லை. பிளாஸ்டிக் வேண்டாம், ஓட்டையுள்ள மண்சாடி எடுங்கள். சாடி கிழங்கைவிட நாலு விரல் அகலம் கூட இருந்தால் போதும்.

மூதூர்த் தோட்டக்காரன்:
ஓம், சாடி விஷயம் சரி. இன்னொன்று தங்கச்சி: விழுந்த இலையின் நல்ல மேல்பகுதியை வெட்டி நட்டாலும் முளைக்கும். ஆனால் அந்தக் குட்டிக்கு மஞ்சள் கரை வராது, வெறும் பச்சையாகத்தான் வரும். கரை வேண்டுமென்றால் கிழங்கைப் பிரித்தே நட வேண்டும்.

உப்புவெளிப் பிள்ளை:
அண்ணை, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. கிழங்கை வெட்டிவிட்டேன், உள்ளே வெள்ளையாக இருக்கிறது. பழைய பத்திரிகைத்தாளில் அம்மாவின் கட்டிலடியில் காய்கிறது. பக்கத்து ஒழுங்கையில் வீடு கட்டுகிறவர்கள் மணல் தருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை நடுகிறேன்.