டிராக்கைக் குறைத்துப் பட்ட பாடு

எண்ட்லெஸ் ஸ்கை விளையாடுகிற ஆட்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்களோ தெரியாது. 2015இல் வந்த இலவச விண்வெளி விளையாட்டு. கப்பல்களின் விபரமெல்லாம் வெறும் டெக்ஸ்ட் கோப்புகளில் கிடக்கும். நோட்பேட்டில் திறந்து எண்ணை மாற்றினால் போதும். அந்தச் சுகம்தான் என்னைக் கெடுத்தது.

மாரி மழை. யாழ்ப்பாணத்தில் வெளியே இறங்க முடியாத நாள். ஷட்டில் என்ற சிறு ரகக் கப்பலின் டிராக் எண்ணை, அதாவது வேகத்தை மட்டுப்படுத்தும் இழுவையை, பத்தில் ஒன்றாக்கினேன். இதில் உச்ச வேகம் என்பது உதைப்பை (எஞ்சின் தள்ளும் பலத்தை) டிராக்கால் வகுத்து வருவது, ஆக வேகம் 10 மடங்கு. திணிவைத் தொடாததால் ஆர்முடுகல், அதாவது வேகம் ஏறும் வீதம், பழையபடிதான். ஏ/எல் படித்த மூளைக்கு அதன் விளைவு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முதலில் என் ஷட்டிலில் ஒன்றுமே மாறவில்லை. பக்கத்தால் போன மற்ற ஷட்டில்கள்தான் பறந்தன. பார்த்துக்கொண்டிருந்த மச்சான், "என்ன மச்சான், உம்மட வண்டிக்கு மட்டும் பெற்றோல் இல்லையோ?" என்றார். விஷயம் என்னவென்றால், நம்முடைய கப்பலின் எண்கள் சேவ் கோப்பில் தனியாகப் பதிந்திருக்கும். புதிதாக வாங்கும் கப்பலுக்குத்தான் மாற்றம் பிடிக்கும். சரி, சேவ் கோப்பையும் திறந்து மாற்றினேன்.

அப்புறம்தான் கூத்து. அழுத்தப் பிடிக்க வேகம் ஏறிக்கொண்டே போகிறது. கிரகம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஷட்டிலைப் பின்பக்கமாகத் தள்ளும் எஞ்சின் கிடையாது. வேகத்தைக் குறைக்கக் கப்பலைத் திருப்பி வைத்து எதிர்ப்பக்கம் எரிக்க வேண்டும், ஆர்முடுகல் கூடாததால் அதற்கும் வெகுநேரம். கீபோர்டில் எல் (L) விசையைத் தட்டினால் தானே பிரேக் போட்டு இறங்கும்தான், ஆனால் நான் தட்டியது கிரகம் கண்ணில் பட்ட பிறகு! தாண்டிப் போய், திரும்பி வந்து, பிறகும் தாண்டி... ஹைப்பர்டிரைவில் வேறு நட்சத்திரத்துக்குப் பாயவும் கிட்டத்தட்ட நிற்க வேண்டும், அங்கேயும் அதே பாடு.

குருநகர்ப் பக்கம் மாமாவோடு வள்ளத்தில் போனால், கரைக்கு வெகு முன்னமே எஞ்சினை நிறுத்திவிடுவார். அங்கே தண்ணியாவது பிடித்து இழுக்கும். இந்த விளையாட்டில் எஞ்சினை விட்டால் டிராக்கே வேலை செய்யாது. போட்ட வேகத்தில் மிதந்துகொண்டே போகும்.

மச்சான் சொல்லைக் கேட்டு டேர்ன் எண்ணை (கப்பல் திரும்பும் பலத்தை) 5 மடங்காக்கியது தனிக்கதை. விசையை ஒரு தட்டுத் தட்ட, கப்பல் பம்பரம்.

இப்போது டிராக்கைப் பாதியில் வைத்திருக்கிறேன். எல் விசையை மட்டும் கிரகம் தெரிய முன்னமே தட்டிவிடுவேன். உங்களில் யாராவது திணிவைக் குறைத்துப் பார்த்தீர்களா? ஒருக்கா சொல்லுங்கோ.